எந்தச் சீனிக்குப் பதிலா?

ஒன்றரை மாதத்துக்கு முன் கண் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்தெல்லாம் விட்டு, பெயரைக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்கார வைத்து... கடைசியில் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். சுகர் இறங்கினால்தான் ஆபரேஷனாம்.

இடது கண்ணில் புரை. வலது கண் சுமார். இந்த வயதில் என்ன அவசரம் என்கிறீர்களா? இருக்கிறது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — மகளின் பிரசவத்துக்காக என் மனைவி செல்வி சிங்கப்பூர் போய் ஆறு மாதமாகப் போகிறது. பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் எப்படி? வெள்ளைத் துணிக்குள் ஒரு புகைமூட்டம். மூக்கு உங்கள் மூக்கேதான் அப்பா என்கிறாள் மகள். ஆமாம்மா என்று தலையாட்டுகிறேன். மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. வருகிற மாதம் இருபதாம் தேதி மூன்று பேரும் காரைக்குடி வருகிறார்கள். அதற்குள் கண் தெளிந்தாக வேண்டும்.

சுகர் எங்கிருந்து ஏறியது என்பது எனக்குத் தெரியும். தயிர்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கிண்ணம் தயிர், அதில் சீனி — கல்யாணமானதிலிருந்து இதுதான் பழக்கம். அடுப்படியிலிருந்து வரும்போதே செல்வி கிண்ணத்துக்குள் ஸ்பூனை இரண்டு சுற்றுச் சுற்றுவாள். டிங்... டிங்... அந்தச் சத்தத்துக்கே எனக்கு நாக்கு ஊறிவிடும்.

அவள் ஊருக்குப் போனபின் நானே உறை ஊற்றினேன். நானே சீனி போட்டேன். அவள் கொடுக்கும் ருசி வரவில்லை. ஒரு ஸ்பூன் இரண்டானது, இரண்டு மூன்றானது. வெள்ளைச் சீனிதானே கெடுதல் என்று நாட்டுச் சர்க்கரைக்கு மாறினேன். நல்லதாயிற்றே என்று அதில் நாலு ஸ்பூன் போட்டேன்! இந்தத் தப்பை நான் மட்டுமா செய்கிறேன்?

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மளிகைக்கடை. சீனிக்குப் பதில் உடம்புக்கு நல்லதாக என்ன இருக்கிறது என்று கேட்டதுதான் தாமதம், நின்றவர்களெல்லாம் வைத்தியராகிவிட்டார்கள். மானகிரிக்காரர் ஒருவர் கருப்பட்டி என்றார். பருப்பு வாங்க வந்த அம்மா தேன் என்றார். இல்லை, பேரீச்சம்பழம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைக்காரர் பொட்டலம் கட்டியபடியே சொன்னார்:

"அண்ணே, நல்லதுன்னு பேரு வச்சா வெலை ஏறும். சுகர் ஏறாதுன்னு யாரு சொன்னா?"

தன் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு ஒருவர் சொன்ன வார்த்தை. பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார் — கருப்பட்டியோ தேனோ, ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். வேண்டுமானால் கொஞ்சம் ஸ்டீவியா சொட்டு — சீனித்துளசிச் சாறு, சுகர் ஏறாது — விட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

விட்டேன். முதல் வாய் இனிப்பு. இரண்டாம் வாய் மருந்துக்கடை. இருந்தாலும் பேத்தியின் மூக்குக்காக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம், தயிரும் கையுமாக இருக்கும்போது செல்வியின் வீடியோ கால்.

"கிண்ணத்துல என்னத்த ஊத்துறீக?"

ஆஸ்பத்திரி சமாசாரத்தை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. இனி மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், பாட்டிலைக் காட்டச் சொன்னாள்.

"ஸ்டீவியா. சீனிக்குப் பதிலா விட்டுக்கிறேன்."

"எந்தச் சீனிக்குப் பதிலா?"

"நீ போட்டுக் குடுப்பியே... அந்தச் சீனிக்கு."

"ஏங்க... நான் சீனி போட்டு ரெண்டு வருசமாச்சு."

சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் முதல்முதலாகச் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டாளாம்.

"பின்ன ஸ்பூன வச்சுச் சுத்துவியே?"

"சத்தம் கேட்டாத்தானே உங்களுக்கு இனிக்கும். சொன்னா சாப்பிடுவீகளா?"

பிறகுதான் விசாரணை. எப்போது உறை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். படுக்கப் போகும்போது என்றேன். நம் ஊர் வெக்கைக்கு மறுநாள் மதியம் அது புளிக்காமல் என்ன செய்யும்? அவள் ஊற்றியது காலை ஆறு மணிக்கு. பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டு, துளி மோர். ஒரு மணிக்கு எடுத்தால் தயிர் அப்போதுதான் கட்டியாகியிருக்கும். பாலின் இனிப்பு போயிருக்காது. அவ்வளவுதான் வித்தை.

அவள் ஊருக்குப் போகும்வரை ஒன்றரை வருடம்! இல்லாத சீனியை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அவள் போனபின், அவள் போடாத சீனியை அள்ளி அள்ளிப் போட்டு அதே ருசியைத் தேடியிருக்கிறேன். விடியுமுன் எழுந்து பாலைச் சுண்டவைத்த கையை நினைத்துப் பார்த்தேனா?

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு உறை. சீனி இல்லை, சொட்டும் இல்லை. கூடவே மாத்திரை, சாயங்கால நடை. போன வாரம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

இன்றைக்கு மதியம் தயிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. ஒரு வெறும் ஸ்பூனை எடுத்து நானே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். டிங்... டிங்...

முக்கால்வாசி இனிப்பு வந்துவிட்டது. மீதி, இருபதாம் தேதி ஃபிளைட்டில் வருகிறது.