ஜெர்மன் துரை என்ன சொன்னார்?

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு காலேஜ் அப்ளிகேஷன் ஃபாரத்தைக் கையில் திணித்தார்கள். பேனாவின் மூடியைக்கூட அவர்களே கழற்றிக் கொடுத்தார்கள்.

அக்கா மகள் அமுதா பி.யு.சி. தேறிவிட்டாள். மேலே என்ன படிப்பது? அவளுக்கு காமர்ஸ் மேல் ஒரு கண். அவள் அப்பாவுக்கு — அதாவது என் அக்கா புருஷன் கன்னியப்பன் மாமாவுக்கு — ஒரே பிடிவாதம். ஜெர்மன்!

"இன்னா மச்சான் பாத்துக்கினே கீற? நீ படிச்சியே, அதே ஜெர்மனு. எய்து."

"காமர்ஸ் படிச்சா பேங்க்ல வேலை கெடைக்கும் மாமா."

"பேங்க் கெடக்குது. நம்ம ஊட்ல ஒல கொதிக்கிறதே உன் ஜெர்மனாலதான? பொண்ணுக்கு அது வேணாமா?"

அக்கா காபியோடு வந்தாள். "ஆமாண்டா. அன்னிக்கி நீ மட்டும் அந்தத் தொரகிட்ட பேசலேன்னா நாங்க இன்னா ஆயிருப்போம்?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். ஏனென்றால்... இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஏகப்பட்ட விஷயம் தெரியும். பல் பிடுங்கிக்கொண்டது, சைக்கிளோடு ஏரியில் இறங்கியது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஜெர்மன் மொழியும் இலக்கியமும் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதை மட்டும் எழுதியதில்லை. எழுதினால் யாராவது சந்தேகம் கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம்தான். இப்போதும், மாமா பத்திரிகை படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் ஜெர்மன் எடுத்தேன்? இன்றுவரை எனக்கும் விளங்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. மெட்ராசில் ஒரு காலேஜ். நானும் என் அப்பாவும் — நைனா என்றுதான் கூப்பிடுவோம் — கெமிஸ்ட்ரி சீட்டுக்கு வரிசையில் நின்றோம். ஜன்னலை நெருங்கும்போது கெமிஸ்ட்ரி தீர்ந்துவிட்டது. ஃபிசிக்ஸும் தீர்ந்துவிட்டது. "ஜெர்மன்ல எடம் இருக்கு, வேணுமா?" என்றார் கிளார்க். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா தலையாட்டிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ரைஸ் மில்லில் எஞ்சின் ஓட்டியவர். அது ஜெர்மனி எஞ்சின். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. ஜெர்மன் என்றால் அவருக்கு அதுதான். மகன் மூன்று வருஷத்தில் அப்படி ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டு வந்துவிடுவான் என்று நினைத்தார். அவரைச் சொல்வானேன்... முதல் வாரம் முழுக்க நானே லேப் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்!

ஊர் சும்மா இருக்குமா? 'ஜெர்மன் படிக்கிற பையன்' என்று பெயர் பரவியதும் ரிப்பேரான சாமான்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. தையல் மெஷின் வந்தது. கரகரக்கும் ரேடியோ வந்தது. ஒருவர் பம்ப்செட்டின் பாகத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டி, ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "படிச்ச புள்ள... கைல எண்ண படக் கூடாதுன்னு பாக்குது" என்று நைனாவிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

காலேஜில் வேறு மாதிரிக் குழப்பம். காலை பாசஞ்சரில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஜெர்மன் கவிதையை மனப்பாடம் செய்வேன். காடு, நிலா, பனி, பிரிவு... காதலித்தவன் செத்துப்போவான். சில கவிதைகளில் காதலிக்காதவனும் செத்துப்போவான். எதற்கு என்று புரியாது. பக்கத்தில் நிற்கிற மீன்கார அம்மா, "இன்னா சாமி, மந்திரமா?" என்று பயபக்தியோடு கேட்பார். ஆமாம் என்றுவிடுவேன். விளக்குவதைவிட அது சுலபம்.

ஒருமுறை, 'முதல் பனி பெய்த நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார் புரொஃபசர். கும்மிடிப்பூண்டிக்காரனுக்குப் பனியா? எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் புயலும்தான். மீஞ்சூரைத் தாண்டினால் ரயிலிலிருந்து வெள்ளை வெளேரென்று தெரிகிற உப்பளத்தை நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். புரொஃபசர் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "நீ எப்போது ஐரோப்பா போய்விட்டு வந்தாய்?" என்று கேட்டார்.

மூன்று வருஷம் ஓடிப்போனது. 'ஏக்கம்' என்பதற்கு ஜெர்மனில் நான்கு வார்த்தைகள் தெரியும். 'நட்டு'க்கு ஒன்றுகூடத் தெரியாது. ஒரே ஒரு ஜெர்மன்காரரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பார்க்கிற வேளையும் வந்தது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் தொழிற்பேட்டை வந்தது. நிலம் எடுத்தார்கள். கன்னியப்பன் மாமாவின் வேர்க்கடலைக் கொல்லையும் அதில் போனது. நிலம் கொடுத்தவர் என்று ஒரு இரும்பு ரோலிங் மில்லில் டெம்பரரியாக வேலை கொடுத்தார்கள். புகார் எதுவும் இல்லாமல் இருந்தால் அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வரும். புகார் வந்தால்? திரும்பிப் போய் உழுவதற்கு நிலம் இல்லை. வீட்டில் அக்காவும் மூன்று பிள்ளைகளும்.

அந்த மில்லுக்குக் கப்பலில் ஒரு பெரிய மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜெர்மன் எஞ்சினியரும் வந்தார். ஆறடி உயரம், சிவந்த கழுத்து. எல்லோரும் அவரைத் 'துரை' என்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. மேனேஜருக்கு ஜெர்மன் சுத்தம். பாதி வேலை கை ஜாடையிலேயே நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டிரையல். நான் அப்போது வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். மாமா சைக்கிளில் பறந்து வந்தார். முகம் பேயடித்தாற்போல் இருந்தது.

"மச்சான், சட்டைய மாட்டு. ஒரே பேஜாராப் பூட்ச்சு. தொர என்னிய வேலைய உட்டுத் தூக்கச் சொல்றாரு போலக்குது. நீ வந்து ஜெர்மன்ல பேசு."

போகிற வழியில் விஷயத்தைக் கேட்டேன். எனக்கே தலை சுற்றியது.

மாமா விடியற்காலையிலேயே போய் மெஷினுக்குப் பூஜை போட்டிருக்கிறார். புது ஏர் வாங்கினால் போடமாட்டோமா, அது மாதிரி. எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெஷினின் உச்சியில் நட்டநடுவே ஒரு வட்ட மீட்டர். உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று முள் காட்டும். பார்த்தால் அப்படியே முகம் மாதிரி இருந்திருக்கிறது. முகம் என்று ஒன்று இருந்தால் விபூதி வேண்டாமா? விபூதியைக் குழைத்துக் கண்ணாடி மேல் பட்டையாக மூன்று கோடு இழுத்து, நடுவில் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார்.

துரை அந்தப் பக்கமிருந்து சுவிட்சைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்தால்... முள்ளைக் காணோம்! மெஷின் உறுமுகிறது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறார். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் எது வெடித்து யார் மேல் விழுந்திருக்குமோ. அவருடைய கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

ஷெட்டுக்குள் நுழைந்தேன். அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மேனேஜர், "நீங்கதான் ஜெர்மன் பி.ஏ.வா? இந்த ஆள் ஏன் இப்படிச் செஞ்சான்னு கேக்குறார். சொல்லுங்க" என்றார்.

மாமா என் காதருகே குனிந்தார். "மெசின் நிக்குதே, அது நம்ம கொல்ல மச்சான். இந்த எடத்துலதான் கெணறு இருந்திச்சி. வருசா வருசம் மொத ஏரு பூட்றப்ப இங்கதான் சூடம் கொளுத்துவேன். ஏர் போயி மெசின் வந்திச்சி. அதான் அதுக்குப் போட்டேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

மீட்டருக்கு ஜெர்மனில் என்ன? தெரியாது. அழுத்தம்? தெரியாது. விபூதி, எலுமிச்சம்பழம்? சொல்லவே வேண்டாம். தெரிந்ததெல்லாம் அந்தக் கவிதைகள்தான். வயல், நிலம், இழப்பு, கண்ணீர், ஆசி. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். நான் பேசியதைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"மாண்புமிகு ஐயனே! நின் இரும்பின் அடியில் இவ்வேழையின் வயல் துயில்கின்றது. ஆதலின் அவன் இரும்பின் நுதலில் ஆசியின் சாம்பலை அணிவித்தான். அவன் நெஞ்சில் வஞ்சம் இல்லை!"

துரையின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. நம் ஊர் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரர் ஏறி, கண்டக்டரிடம் செய்யுளில் டிக்கெட் கேட்டால் அவர் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார்.

பிறகு அவர் பேசினார். நீளமாக... மடமடவென்று. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை! படித்த ஜெர்மனும் இதுவும் ஒட்டவே இல்லை. ஊர்ப்பேச்சு போலிருக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி நின்றேன். பேசி முடித்துவிட்டு, மாமாவின் வெறுங்காலைப் பார்த்தார். ஷெட்டின் தரையைப் பார்த்தார். கடைசியாக மெதுவாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பாக்கெட்டிலிருந்து கர்சீப்பை எடுத்து, ஏணியில் ஏறி, கண்ணாடியை மட்டும் துடைத்தார். விளிம்பில் வழிந்திருந்த குங்குமத்தைத் தொடவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் மேனேஜர்.

மாமா என்னைப் பார்த்தார். ஷெட்டே என்னைப் பார்த்தது. புரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால், துரை கோபப்பட்டது மட்டும்தான் பாக்கி நிற்கும். அந்த மாதமே மாமா வெளியே நிற்பார்.

"இனிமேல் கண்ணாடி மேல பூச வேண்டாமாம்" என்றேன். "மத்தபடி, மெஷினை இவ்வளவு மதிக்கிற ஆளை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். இவரை விட்டுடாதீங்கன்னு சொல்றார்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? தெரியாது. முதல் பனி பெய்த இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மேனேஜர் தலையாட்டினார். அடுத்த மாதம் மாமாவுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. இன்று அவர் ஃபிட்டர். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று மில்லில் கொடுக்கிற பொரிப் பொட்டலம் முதலில் என் வீட்டுக்கு வரும். அதைத் தின்னும்போதெல்லாம் எனக்குப் புரையேறும்.

ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. திங்கட்கிழமை காலை அந்தத் துரையைக் காணோம். வேறொருவர் வந்து மிச்ச வேலையை முடித்தார். முதல் துரை ஏன் போனார்? மனசு கேட்காமல் போனாரா? 'நான் தூக்கச் சொன்ன ஆளை இன்னும் வைத்திருக்கிறீர்களே' என்று கோபித்துக்கொண்டு போனாரா? இல்லை, வெறும் லீவா? யாருக்கும் தெரியாது. அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் ஓசை மட்டும் என் காதில் அப்படியே இருக்கிறது. புரொஃபசரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அர்த்தம் தெரிந்துபோனால் என்ன செய்வது?

இத்தனையும் மனசில் ஓட, ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பொய்யை நம்பி ஒரு பெண் மூன்று வருஷத்தைத் தொலைக்கலாமா? எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

"அமுதா, என்கூட ஸ்டேஷன் வரைக்கும் வா" என்று கிளப்பினேன். வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ அவர் சொன்னது உனுக்குப் புரியவே இல்லியா மாமா?"

"ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால நீ பேசாம காமர்ஸ் எழுது. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் சிரிப்பாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அந்தக் கடைசி வாக்கியம் ஞாபகம் கீதுன்னியே... சொல்லு" என்றாள்.

சொன்னேன். பையிலிருந்து நோட்டை எடுத்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லித் திருத்தினாள். பிறகு என் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கி மடியில் விரித்து, பாடம் என்ற இடத்தில் 'ஜெர்மன்' என்று நிதானமாக எழுதினாள்.

"என்னம்மா பண்றே? இவ்வளவு சொல்லியும்..."

"இன்னா சொன்னாருன்னு தெரிய வேணாமா மாமா? எத்தினி வருசம் நீ இத வச்சிக்கினு சுத்துவ?"

ரயில் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே ஒரு சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டேன். அர்த்தம் எதுவாக இருந்தாலும் அவள் அப்பாவிடம் மட்டும் சொல்லக் கூடாது.

பின்னே? மாமா ரிட்டையராக இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது!