மச்சானின் யானை

பாச்சாங் ஊரில் சாலையோர ரொட்டிக் கடையொன்றின் கடைசி மேசையில், தே தாரிக் டீக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் சாவி கிடக்கிறது. மச்சானை நினைக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு அந்தச் சாவிதான் தெரிகிறது. எங்கள் வண்டிக் கூட்டத்தில் அப்படியொரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் முடிந்து கடையில் உட்கார்ந்தால், காது அடைத்துப்போன ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள். ஒருவன் டயரைப் பற்றிப் பேசுவான், ஒருவன் என்ஜின் எண்ணெயைப் பற்றிப் பேசுவான், ஒருவன் நூற்று அறுபதில் போனதைச் சொல்வான், "எறக்கத்துலதானே லா" என்று இன்னொருவன் அவன் காலை வாருவான். இந்தச் சந்தைக்கடையைச் சமாளிக்க ஒரு விதி வைத்துக்கொண்டோம். பேச நினைப்பவன் தன் வண்டிச் சாவியை நடு மேசையில் வைக்க வேண்டும். அவன் அதைத் திரும்ப எடுக்கும்வரை மற்றவன் வாய் திறக்கக் கூடாது. யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு விதியும் இருந்தது. ஒருவன் போய்வந்த ஓட்டத்தை இன்னொருவன் சொல்லக் கூடாது. ஆள் வரவில்லையென்றால் அவன் கதைக்கும் அன்றைக்கு லீவு.

மச்சான் என் அக்காவின் கணவர். செலண்டார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமான பிறகு தங்கா பத்துவில் வீடு வாங்கிக்கொண்டு, ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் அவர் குரல் கேட்காது. குழம்பில் உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டார், எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியின் சாவியை மேசையில் வைத்துவிட்டால் ஆளே வேறு. கை பேசும், புருவம் பேசும், வாயாலேயே கியர் மாற்றுவார். அவருடைய யானைக் கதையை நாங்கள் எத்தனை முறை கேட்டிருந்தாலும், புதிதாக யாராவது கூட்டத்தில் சேர்ந்தால், "மச்சான், சாவிய வைங்க" என்று நாங்களேதான் கெஞ்சுவோம்.

பேராக் மாநிலத்திலிருந்து கிளந்தானுக்குப் போகும் மலைச்சாலையில் தனியாகப் போனபோது அவருக்கு நடந்தது அது. அதிகாலை. சாலையைப் பனி மூடியிருக்கிறது. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகளை வழியெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறார். ஒரு வளைவு திரும்பினால், பலகையில் இருக்க வேண்டியது சாலையில் நிற்கிறது. "வண்டிய ஆஃப் பண்ணிட்டேன். ஆஃப் பண்ணுனதுக்கப்பறம்தான் மண்டையில ஏறுது, இந்தச் சனியன் ஸ்டார்ட் ஆக நாலு ஒத ஒதைக்கணுமே!" என்பார். யானை மெல்ல நடந்துவந்து, பின்னால் கட்டியிருந்த பையை மோந்து பார்த்தது. பிறகு அவர் ஹெல்மெட்டை மோந்தது. முகக்கண்ணாடி முழுக்க யானையின் மூச்சு படிந்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. இந்த இடத்தில் மச்சான் கண்ணை மூடிக்கொள்வார். "அழுதுட்டேன் பாஸ். வெக்கமே படாம கத்தி அழுதேன். கால்ல போட்டிருந்த சிலுவாரே நனைஞ்சிருச்சி." யானை இந்த மனிதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று முடிவு செய்தது போலத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டதாம். மேசையே குலுங்கிச் சிரிக்கும். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் மச்சான்தான்.

அவர் மேசையில் சொல்லாத ஒன்றை என்னிடம் மட்டும் சொன்னார். அந்த ஓட்டம் முடிந்து வந்த வாரத்தில் நாங்கள் இருவரும் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்ற நின்றிருந்தோம். டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மாப்ளே, அன்னிக்கி நான் கத்துனேன்ல, யாரக் கூப்ட்டுக் கத்துனேன் தெரியுமா? சாமிய இல்ல, எங்கம்மாவ இல்ல. ஒங்கக்கா பேரத்தான் கத்துனேன். எனக்கே ஆச்சரியமாப் போச்சி." கல்யாணமாகி இத்தனை வருடம் ஆனவர், பள்ளிக்கூடப் பையனைப் போல வெட்கப்பட்டார். "அவகிட்ட ஒளறிடாத. யானைன்னு கேட்டாலே சாவியப் புடுங்கி அரிசி டின்னுல ஒளிச்சி வச்சிருவா." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அந்த ஓட்டத்துக்கு நானும் போயிருக்க வேண்டியவன். கிளம்புவதற்கு முதல் நாள் முதுகு வலிக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டேன். முதுகெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மலையில் மழை என்று யாரோ சொன்னதில் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அறையைக் குளிரூட்டும் ஏர்கோன்களைப் பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கு வண்டி ஆசை உண்டு, வண்டித் தைரியம் கிடையாது. என் வண்டியில் ஒரு கீறல் இருக்காது. என் ஓட்டங்களிலும் ஒரு கதை இருக்காது. போனேன், சாப்பிட்டேன், வந்தேன். என் சாவியை மேசையில் வைத்தால் மற்றவர்கள் ரொட்டிக்குச் சொல்ல எழுந்து போவார்கள்.

மச்சானுக்கு வேலையிடத்தில் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. கொஞ்ச நாளில் கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல் மட்டும் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார். அக்கா பொறுமையாகத்தான் இருந்தாள். நான் ஆரம்பத்தில் வாராவாரம் தங்கா பத்துவுக்குப் போனேன். பிறகு வேலை, மழை, தலைவலி என்று குறைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதும், அது வராமல் முகம் சிவப்பதும் என்னால் தாங்க முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கேதான் எழுதுகிறேன்.

கூட்டத்தில் பழைய ஆட்கள் கலைந்துபோனார்கள். ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், ஒருவர் வண்டியை விற்றுக் கார் வாங்கினார். புதிதாக இளவட்டங்கள் வந்தார்கள். பெரிய வண்டி, அதைவிடப் பெரிய பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சாவியை வைத்து, "எங்க மச்சானுக்கு ஒருதடவ நடந்திச்சி" என்றுதான் யானைக் கதையை ஆரம்பித்தேன். விதியை மீறுகிறோம் என்று தெரியும். அவர் சார்பாகச் சொல்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் என் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவனும் ரொட்டிக்கு எழுந்து போகவில்லை. அடுத்த முறை சொன்னபோது மச்சான் என்ற சொல் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த முறை ஒரு பையன், "அண்ணே, அப்பறம் நீங்க என்ன பண்ணீங்க?" என்று வாய்தவறிக் கேட்டான். நான் திருத்தவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணிட்டேன்" என்றேன்.

திருடியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் பேருக்கு வந்தபிறகு கதையைக் கழுவிச் சுத்தம் செய்தேன். அழுகையை எடுத்தேன். சிலுவார் நனைந்ததை எடுத்தேன். யானையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடி அசையாமல் நின்றேன் என்று சேர்த்தேன். கத்தின இடத்தில் ஒரு நீண்ட மௌனத்தை வைத்தேன். அந்த மௌனம் நன்றாக எடுபட்டது. பையன்கள் என்னை யானை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், நானும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள். "தம்பி, ஞாயித்துக்கெழம ஒங்க கடைக்கு இவரக் கூட்டிட்டுப் போறியாடா? ஹெல்மெட்டக் காட்டிக் காட்டி அடம் புடிக்கிறாரு." இந்த வாரம் ஓட்டம் இல்லை என்றேன். அடுத்த முறை, கடை மூடியிருக்கிறது என்றேன். பிறகொரு முறை, "இருமல் இருக்குக்கா, அவருக்கு ஒட்டிக்கும்" என்றேன். கூடப் பிறந்தவளிடம் இத்தனை சுலபமாகப் பொய் வருகிறதே என்று ஒவ்வொரு முறையும் போனை வைத்தபிறகு சுருக்கென்றது. ஆனாலும் வாயில் அடுத்த பொய் தயாராக இருந்தது.

அக்கா என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, மேசையில் நாங்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தபோது, அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். மச்சான் இறங்கி, வலது காலை இழுத்துக்கொண்டு, வரிசையாக நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வண்டியின் பெட்ரோல் தொட்டியைக் கையால் தடவினார். இளைத்திருந்தார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பையன்கள் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தார்கள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பு என்னிடம் வாய்தவறிக் கேட்ட அதே பையன் உற்சாகமாக, "அங்கிள், எங்க அண்ணனோட யானை கத கேட்டிருக்கீங்களா? செம கத லா! அண்ணே, சாவிய வைங்க!" என்றான்.

மச்சான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழம்பிப்போய், உதவி கேட்பவரைப் போலப் பார்த்தார். "அது என் கத இல்லடா" என்றேன். "மச்சானுக்கு நடந்தது. நான்தான் எனக்கு நடந்த மாதிரிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." சொல்லிவிட்டோம், பாரம் இறங்கியது என்று ஒரு கணம்கூட நினைக்க விடவில்லை அந்தப் பையன். மச்சானுக்குப் பேச்சு வராது என்பது அவனுக்குத் தெரியாது. "அப்படியா! அப்ப நீங்களே சொல்லுங்க அங்கிள், கேக்குறோம்" என்றான் ஆசையாக.

மச்சான் அக்காவின் பக்கம் திரும்பி, அவளுடைய கைப்பையைத் தட்டினார். அக்கா ஒன்றும் புரியாமல் திறந்து, அவருடைய பழைய வண்டியின் சாவியை எடுத்தாள். "காலையிலேருந்து இத எடுத்துக்கன்னு ஒரே பிடிவாதம். ஓட்டவா போறீங்கன்னு சண்டையே போட்டேன்" என்றாள். அவர் இடது கையால் சாவியை வாங்கி, நடு மேசைக்கு நகர்த்தி வைத்தார். தானே சொல்வதற்காகத்தான் அவர் அத்தனை வாரமாக அடம் பிடித்திருக்கிறார். "வண்டி" என்றார். தெளிவாக வந்தது. "வண்டி... வண்டி... வண்டி..." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. எந்த நாயும் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி, ஒருவரும் பேசவில்லை. இன்னொருவன் ஓட்டத்தைச் சொல்லக் கூடாது என்ற விதியை நான் மீறாமல் இருந்திருந்தால், அந்தப் பையன் அவரைக் கதை கேட்டிருக்கவே மாட்டான். கடைசியில் மச்சான் சாவியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

அதை வைத்துக்கொண்டு நான் சொன்னேன். மச்சான் போனார், மச்சான் பார்த்தார், மச்சான் வண்டியை ஆஃப் பண்ணினார். அழுகையைத் திரும்பச் சேர்த்தேன், சிலுவாரையும் சேர்த்தேன். பையன்கள் சிரித்தார்கள். மச்சானும் வாய் கோணச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. கத்தின இடம் வந்தபோது அக்கா எதிரில் இருக்கிறாள் என்பதைப் பார்த்தேன். இத்தனை பேர் முன்னால் சொல்லக் கூடாது என்று, வெறுமனே "கத்துனாரு" என்று தாண்டிப் போனேன். அக்கா சிரிக்கவேயில்லை. கையிலிருந்த கோப்பையைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

காருக்குக் கூட்டிப்போனபோது மச்சானை நான்தான் உட்காரவைத்தேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டாள். சன்னலருகே குனிந்து சொன்னேன். "அக்கா, அங்க ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மச்சான் யானைகிட்ட மாட்டுனப்ப ஒன் பேரச் சொல்லித்தான் கத்துனாரு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இதையும் நீயா சேத்துக்கிட்டதாடா?" என்றாள் சாதாரணமாக.

"சத்தியமா இல்லக்கா. அவரையே கேளு."

அவள் மச்சானிடம் திரும்பி, "ஆமாங்களா?" என்றாள். மச்சான் வேகமாகத் தலையாட்டினார். பெல்ட்டுக்குள்ளிருந்து உடம்பே ஆடியது. அக்கா கைக்குட்டையால் அவர் கடைவாயைத் துடைத்துவிட்டாள். "டீ வேணுமான்னாலும் வேணாமான்னாலும் இப்பல்லாம் இப்படித்தான் ஆட்டுவாரு. சரி, நாங்க போயிட்டு வர்றோம்" என்று காரை எடுத்தாள்.

கடையிலிருந்து பையன்கள் கையசைத்தார்கள். பெரிய சாலையில் திரும்பும்வரை மச்சான் சன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.