டாங்குக்குப் பின்னால் போன மினி டிராக்டர்

1. கண்ணை மூடிக்கொண்டு போகலாம்

"கண்ணை மூடிக்கொண்டு போகலாம்மா." ஒரு பெண்ணின் கேள்விக்கு என் யூடியூப் சேனலில் இப்படி ஒரு வரி பதில் எழுதிவிட்டுத் திராட்சைக்கு மருந்தடிக்கப் போய்விட்டேன். அந்த வரி என்னை இரண்டு நாள் படுத்திய பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ராணுவம் பற்றிப் பேசவோ எழுதவோ வருகிறவர்களுக்கு உதவும்.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் டாங்க் ஓட்டினேன். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஓடைப்பட்டிக்கு வந்து, மனைவி மஞ்சுளாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டிவியில் போர்ச் செய்தி வரும்போதெல்லாம், "இவனுக்கு என்ன தெரியும்?" என்று நான் கத்துவது வழக்கம். மஞ்சுளாதான் பொறுக்க முடியாமல், "டிவிகிட்ட கத்தி என்ன ஆகப்போகுது? போன் முன்னாடி உக்காந்து கத்துங்க, நான் வீடியோ எடுக்கேன்" என்றாள். சேனல் அப்படித்தான் பிறந்தது. எந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. ஓட்டியவனுக்குத் தெரிந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் போர் ஒன்றில் கண்ணிவெடி வயலுக்குள் நுழைந்த கவச வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்ற காட்சி வந்ததல்லவா, அதற்கு ஒரு வீடியோ போட்டேன். முதல் டாங்கின் மூக்கில் கலப்பை மாட்டியிருக்கும். மைன் ப்ளோ என்போம், மைன் என்றால் கண்ணிவெடி. அது டாங்க் உருண்டு போகிற இரண்டு இரும்புச் செயினுக்கும் முன்னால் இருக்கிற மண்ணைக் கிளறி, மைனைத் தோண்டி ஓரமாகத் தள்ளும். பின்னால் வருகிறவன் அந்தத் தடத்தை விட்டு ஒரு முழம் விலகினாலும் தீர்ந்தான். அந்த வண்டிகள் பதறிப்போய் விலகின, மாட்டிக்கொண்டன. இதுவரை நான் சொன்னது சரி. கடைசியில், "கலப்பை டாங்க் போய்விட்டால் பாதை திறந்தாச்சு, எல்லா வண்டியும் போகலாம்" என்று ஒரு போடு போட்டேன்.

மார்க்கையன்கோட்டை செல்வராணி என்பவர் கீழே எழுதியிருந்தார்: "அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஆர்மியில லாரி ஓட்டுறாக. டாங்க்குக்குப் பின்னாடி லாரியும் போகலாமா? பயமா இருக்கு." அதற்குத்தான் மேலே சொன்ன பதில். நன்றி சொல்லி, இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்று எழுதியிருந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

2. கொட்டாங்குச்சி மைன்

உத்தமபாளையம் சாகுல் பாய் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு டிராக்டர் உழவு ஓட்டுகிறவர். மறுநாள் காலை வந்ததும் எஞ்சினை நிறுத்தாமலே ஆரம்பித்தார்.

"அண்ணே, வீடியோ பாத்தேன். ஒரு சந்தேகம். உங்க டாங்க்கு ரெண்டு செயின் போற எடத்தத்தான உழுகுது? நடுவுல கெடக்குறத யாரு எடுப்பா?"

"நடுவுல கெடந்தா கெடக்கட்டும் பாய். செயின் அது மேல ஏறாதுல்ல."

"செயினு ஏறாது. பின்னாடி வர்ற லாரி டயரு எங்கன போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. "இருபத்திரண்டு வருஷம் டாங்க் ஓட்டுனவனுக்கு நீங்க பாடம் எடுக்கீகளா?" என்று குரலை உயர்த்தினேன்.

"பாடமெல்லாம் இல்லண்ணே. ஓட்டிப் பாத்துருவோம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

மஞ்சுளா அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். "நீங்க செயிச்சாலும் போடுவேன், தோத்தாலும் போடுவேன். சரிதானா?" என்றாள். சாகுல் பாய் முன்னால் மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

தோட்டத்துக்கு வெளியே உழுது போட்டிருந்த வெற்று நிலத்தில் சாகுல் பாய் பெரிய டிராக்டரை ஒரு நீளத்துக்கு ஓட்டினார். அந்த இரண்டு டயர் தடமும் கலப்பை டாங்க் சுத்தம் செய்த பாதை என்று வைத்துக்கொண்டோம். தடத்தை விட்டுவிட்டு, நடுவிலும் இரு ஓரங்களிலும் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, மேலே மண்ணைத் தூவினோம். அவைதான் மைன். பின்னால் வருகிற லாரிக்குப் பதிலாக, திராட்சைப் பந்தலுக்குள் நுழைவதற்கென்று நாங்கள் வைத்திருக்கும் மினி டிராக்டர். அதை நானே ஓட்டினேன்.

இடது சக்கரத்தை இடது தடத்தில் அளவெடுத்து வைத்தேன். கியர் போட்டேன். இரண்டு அடி நகர்ந்ததும் வலது பக்கம் 'படக்' என்றது. அப்புறம் 'படக் படக்' என்று வரிசையாகப் பொரிந்தது. பெரிய டிராக்டரின் அகலம் மினி டிராக்டருக்கு ஏது? வலது சக்கரம் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சுளா சிரித்த சிரிப்பில் வீடியோ பாதி வானத்தைத்தான் காட்டுகிறது.

"லாரி போச்சு, ஹவில்தாரும் போயிட்டாக!" என்று அவள் கமென்டரி வேறு சொன்னாள்.

எனக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். பயிற்சியில் படித்து, பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ரெண்டு தடம் மட்டும் உழுத பாதை, அதே அகல டாங்குக்கு மட்டுமே. ஜீப், லாரி எல்லாம் காத்திருக்க வேண்டும். சாப்பர் எனப்படும் எஞ்சினியர் படை வந்து முழு அகலத்தையும் சுத்தம் செய்து, இரண்டு ஓரமும் எல்லை காட்டும் கொடி நட்ட பிறகுதான் டயர் வண்டி நுழையலாம். பிறகு ஏன் அப்படிப் பேசினேன்?

பதில் சாகுல் பாயிடம் இருந்தது. "நான் உழுகும்போது பாதி நேரம் கழுத்தத் திருப்பிப் பின்னாடிதான் பாப்பேண்ணே. கலப்ப அங்கனதான கெடக்கு" என்றார்.

டாங்குக்குக் கலப்பை முன்னால். டிரைவருக்குத் தெரிவதும் முன்னால் இருக்கிற ஒரு துண்டு நிலம் மட்டும்தான். பின்னால் என்ன வருகிறது என்பது கமாண்டர் பாடு. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குப் பின்னால் வந்த லாரிக்காரன் முகத்தை நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

3. மார்க்கையன்கோட்டை

திருத்தம் வீடியோ போட்டால் போதும் என்றார் சாகுல் பாய். மஞ்சுளா ஒத்துக்கொள்ளவில்லை. "நிம்மதியாத் தூங்குவேன்னு எழுதுன பொம்பள மறுபடி வந்து பாக்கும்னு என்ன நிச்சயம்? நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றாள். செல்வராணியிடம் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, நானும் மஞ்சுளாவும் பைக்கில் போனோம்.

கதவைத் திறந்தவர் அவர் கணவர் முருகேசன். லீவில் வந்திருந்தார். நான் விஷயத்தைத் தொடங்கியதும் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, வீடியோ தப்புன்னு பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்களுக்கு மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாக. ஆனா அதப் பாத்தப்புறந்தான் இவ அழுகைய நிறுத்திருக்கா. நாளைக்கழிச்சு நான் கெளம்பணும். சொல்லாம விட்டுருங்களேன்."

சொன்னால் செல்வராணி அழுவார். சொல்லாவிட்டால் என் பொய்யை நம்பிக்கொண்டே கணவரை வழியனுப்புவார். சத்தியமாக, திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்ன சொல்லாம விடணும்?" செல்வராணி காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தார்.

சொல்லிவிட்டேன். நடுவில் கிடக்கும் மைன், மினி டிராக்டர், உடைந்த கொட்டாங்குச்சி, நான் எழுதிய தப்பான பதில், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். அழவில்லை.

"அப்ப லாரி எப்பத்தான் போகலாம்?"

"சாப்பர் வந்து சுத்தம் பண்ணி, ரெண்டு பக்கமும் கொடி நட்டப்புறம்மா."

"கொடின்னு ஒண்ணு இருக்கா?" கணவர் பக்கம் திரும்பினார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லிட்டிருந்தா பயம் வராம என்ன செய்யும்? கொடி பாக்காம வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"எடுக்க மாட்டேன் தாயி" என்றார் முருகேசன். மஞ்சுளா சிரித்துவிட்டாள். அப்புறம் செல்வராணியும் சிரித்தார். காபி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தோம்.

கொட்டாங்குச்சி வீடியோதான் இன்றுவரை என் சேனலில் அதிகம் பேர் பார்த்தது. இப்போது எந்தச் சண்டையைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலும், இந்தப் பேச்சை நம்பிப் பின்னால் வரப்போவது யார், அவர்களுடைய வண்டியின் அகலம் என்ன என்று முதலில் யோசிக்கிறேன். நான் மறந்தாலும் மறக்க விடமாட்டார்கள். வீடியோ போட்ட சற்று நேரத்தில் மார்க்கையன்கோட்டையிலிருந்து முதல் கமென்ட் வந்துவிடும்.

"அண்ணே, கொடி நட்டாச்சா?"