மூன்று விரல் இடம்

என் மாமியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவளுடைய சேலை முந்தானைதான். பிள்ளைகளின் மூக்கு, மழையில் நனைந்து வருகிறவர்களின் தலை, சாயா கிளாசின் விளிம்பு, வேதாகமத்தின் அட்டை என்று எல்லாவற்றையும் அந்த ஒரே முந்தானையால் துடைப்பாள். நான் கல்லூரிக்குப் போகிற வயதிலும் பாறசாலை பஸ் நிறுத்தத்தில் ஊர் பார்க்க என் முகத்தைத் துடைத்துத்தான் பஸ் ஏற்றுவாள். வெட்கத்தில் எனக்கு உயிர் போகும். சுத்தம் செய்வதும் கொஞ்சுவதும் அவளுக்கு ஒரே வேலைதான்.

மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, ஹைவே ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருந்தார். பீடியும் சாயாவும்தான் அவருக்குப் பாதிச் சாப்பாடு. நெஞ்சுவலி வந்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். இதயம் சொன்னபடி கேட்டது; நுரையீரல்தான் முரண்டு பிடித்தது. வாய்வழியாகக் குழாய் போட்டு இயந்திரத்தால் மூச்சுவிட வைத்திருந்தார்கள். அதை எடுக்கப் பார்த்தபோதெல்லாம் திணறிப்போனார்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். வாயில் குழாயை இனியும் வைத்திருக்க முடியாது, கழுத்தில் சிறு துளையிட்டு அதன்வழியே மூச்சுவிட வைக்க வேண்டும். ஆனால் அந்தத் துளைக்குச் சற்றுக் கீழேதான் நெஞ்சுக் காயத்தின் மேல்நுனி இருக்கிறது. கழுத்திலிருந்து வழிகிற சளி காயத்தில் இறங்கிக் கிருமி எலும்புவரை போய்விட்டால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். அதை மாமா தாங்குவது சந்தேகம். துபாயிலிருந்து மகன் போனில், “அம்மா, செய்யாண்டாம்” என்று அழுதான்.

மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “டாக்டரே, அந்த ஓட்டைக்கும் நெஞ்சுல உள்ள இந்த முறிவுக்கும் நடுவுல எத்தற இடம் உண்டு?”

டாக்டர் தன் தொண்டைக்குழியின் கீழே மூன்று விரலை வைத்துக் காட்டினார்.

“அது போரும். அந்த இடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

வெளியே வந்ததும் என்னிடம், “ஆயுசு முழுக்க ஓட்டை அடச்ச மனுசன் மக்கா. இப்பம் அவருக்கே ஒரு ஓட்டை போடணுமாம்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துளை போட்ட பிறகு முதல்முறை உள்ளே விட்டபோது மாமாவுக்கு இருமல் வந்தது. குழாயின் ஓரமாகச் சளி வழிந்தது. மாமியின் கை தன்பாட்டுக்கு முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டது. “அய்யோ அம்மச்சீ, அது பாடில்ல!” என்று மலையாளத்தில் தடுத்தபடி நர்ஸ் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். கழுத்தைத் துடைத்த துணி நெஞ்சில் பட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கட்டு மாற்றும்போது “ஆத்யம் நெஞ்சு, பின்னெ கழுத்து”. ஒருபோதும் தலைகீழாகக் கூடாது. மாமி பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள். மறுநாள் முந்தானையை இறுக்க முறுக்கி இடுப்பில் செருகி, ஊக்கும் குத்திக்கொண்டு வந்தாள்.

கழுத்துக் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமி சோப்புப் போட்டுக் கை கழுவி நெஞ்சுக்கட்டை மாற்றுவாள். மறுபடி கழுவிக் கழுத்துக்கு வருவாள். சளியை இழுக்க ஒரு சிறு இயந்திரம் இருந்தது. மாமாவுக்குக் குரல் வராது, உதடுதான் அசையும். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, மாமிக்கு முழு வாக்கியமே புரியும். பீடி கேட்டால் மட்டும் புரியாது.

வினை வந்தது அன்பின் வழியாகத்தான். மாமி குளிக்கப் போயிருந்தபோது பனச்சமூட்டிலிருந்து மாமாவின் பழைய சிநேகிதர் வந்தார். மாமா இருமியதும் பதறிப்போய்த் தன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் கழுத்தைத் துடைத்து, அதே தோர்த்தால் நெஞ்சையும் துடைத்துவிட்டார். பாவம், அவருக்குக் கண்ணெல்லாம் நீர். அடுத்த சில நாட்களில் காயத்தின் மேல்நுனி சிவந்து கசிந்தது, காய்ச்சலும் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அழுத்திப் பார்த்து, சோதனைகள் செய்து, எலும்புக்குப் போகவில்லை, தோலோடு நின்றுவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி வாசல் கேட்டைப் பூட்டினாள். சாயா கொடுக்காமல் ஒருவரையும் அனுப்பி அறியாதவள். தலையில் கைவைத்து ஜெபிக்க வந்த சபைக்காரர்களிடம், “ரோட்டுல நின்னு ஜெபிங்க ஐயா. கர்த்தருக்கு காது நல்லா கேக்கும் ஆக்கும்” என்றாள். போதகர் சிரித்துக்கொண்டே வெயிலில் நின்று ஜெபித்தார். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரான செங்கலிலிருந்து மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்த என் அம்மாவுக்கும் அதே மரியாதைதான்.

“எனக்க தம்பிய நான் தொடப்பிடாதா?” என்று அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மைனி, நிங்க தொடணும்னுதான் நான் இந்தப் பாடு படுதேன். இப்பம் தொட்டா, பிறவு தொட ஆளு காணாது.”

இன்றைக்கு மாமா கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டயரைத் தூக்காமல் வாயால் மட்டும் வேலை செய்கிறார். சட்டையின் மேல் பித்தானைத் திறந்துவிட்டால் கழுத்தில் ஒரு சின்னக் குழி தெரியும், கீழே நீளமான தழும்பு தொடங்கும். நடுவிலுள்ள தோல் மாசுமறு இல்லாமல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமியின்மேல் பாசம் பொங்குகிறது.

குழாயை எடுத்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். டாக்டர் துளையின்மேல் பஞ்சுத்துணி வைத்து ஒட்டி, விரலால் அழுத்திக்கொண்டு பேசச் சொன்னார். ‘அக்கா’ என்று தன்னைத்தான் முதலில் கூப்பிடுவான் என்று அம்மா முன்னால் போய் நின்றாள். பீடி கேட்பார் என்று நான் நினைத்தேன். மாமா விரலை வைத்தார். துருப்பிடித்த கீல்போல ஒரு குரல் வந்தது.

“டாக்டரே, இவளுக்க கையக் கொஞ்சம் பாருங்க.”

மாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். டாக்டர் விடவில்லை, உட்காரவைத்து நீட்டச் சொன்னார். சோப்பும் மருந்தும் தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் கறுத்துக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் மாமாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கைகளை.

மாமியின் கைக்கு டாக்டர் மருந்து எழுதி முடிக்கும்வரை மாமா கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.