கண் கொட்டாத மாணவி

எட்டாவதோடு படிப்பை விட்ட எங்கள் தெருத் தையல்கார அக்கா, நாற்பத்தாறு வயதில் ஆன்லைனில் பத்தாவது படித்தாள். கண் ஊசியில் இருக்கும், காது போனில் ஓடும் பாடத்தில் இருக்கும்.

திடீரென்று பாடம் நடத்தும் அந்தத் தளத்தில் ஒரு புது வசதி வந்தது. முகம் திரையைப் பார்க்காவிட்டால் பாடம் நின்றுவிடும்.

"இதுதான் முன்னேற்றமாம்," என்றாள் மகள்.

"நான் காதால படிக்கிறவ. என் துணிய அவங்களா வந்து தைப்பாங்க?"

அக்கா சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள். கணவர் முகத்தை வெட்டுத்துணியால் மூடி, கேமரா முன் நிறுத்தினாள். பாடம் மடமடவென்று ஓடியது.

தேர்வை நேரில் போய் எழுதினாள். தொண்ணூற்றொரு சதவீத மார்க். கண் கொட்டாமல் படித்ததற்காகத் தளம் ஒரு பதக்கமும் அனுப்பியது.

"பதக்கத்தப் போட்டோவுக்கே மாட்டு," என்றாள் மகளிடம். "மார்க் என்னோடது."