அழகான அந்த முதல் வரைபடம்

போன வியாழக்கிழமை மாலை. நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகம். நானும் சுஜாவும் மட்டும். கருத்தரங்குக்கு முடிவை அனுப்பக் கடைசி நேரம் ஐந்து மணி. அப்போதே மணி நான்கு!

சுஜா கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவள். மூன்று வருஷம் உலையோடு மல்லுக்கட்டி ஒரு சூப்பர்கண்டக்டர் செய்திருக்கிறாள் — கடுங்குளிரில் துளி மின்தடையும் இல்லாத பொருள். அது சாதாரண வகையா, அபூர்வ வகையா? சோதிப்பது என் வேலை.

எப்படி? குளிரவைத்து, அதன்மேல் தங்க ஊசி ஒன்றைப் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். வோல்டேஜை மெல்ல மாற்றி, மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று வரைய வேண்டும். நடுவில் ஒற்றைச் சிகரம் வந்தால் அபூர்வமாக இருக்கலாம். இரட்டைத் திமில் என்றால் பெரும்பாலும் சாதாரணம்.

ஊசி தொட்டது. திரையில் ஒற்றைச் சிகரம்! இருபுறமும் ஆழமான பள்ளம்.

"அடிச்சாச்சு மக்கா!" என்று கத்தினேன்.

படமெடுத்து எங்கள் பேராசிரியருக்கு வாட்ஸ்அப்பில் தட்டியும் விட்டேன். "அபூர்வ வகைன்னே எழுதிடலாம்" — உடனே பதில்.

சுஜா சிரிக்கவில்லை. "ஏட்டி, ஊசியத் தூக்கி இன்னொருக்கா வை."

"கிறுக்கா உனக்கு? மறுபடி கிடைக்கலேன்னா?"

"ரப்பர் மரத்துல ஆழமா வெட்டினாலும் பால் வரும். மரம் புண்ணாயிரும். நீ ஊசிய அமுக்கியிருக்க."

அமுக்கினால் தொடும் இடம் சூடாகும். சூடு போலிச் சிகரம் காட்டும். போலியென்றால், லேசாகத் தொட்டதும் பள்ளங்கள் இடம் மாறிவிடும். பொருளின் சொந்தக் குணம் மாறாது. எனக்குத் தெரியாததா? தெரியும்... ஆனால் மணி நாலேகால்!

தூக்கினேன். வரைபடம் செத்தது. ஊசியை இறக்கும் திருகை மெல்லத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மயிரிழை...

சிகரம் வந்தது. ஆனால் பள்ளங்கள் நகர்ந்திருந்தன. போலி!

மூன்றாம் முறை, இன்னும் லேசாக. பள்ளங்களைக் காணோம். நடுவில் சின்னதாக இரண்டு திமில். நான்காவது, ஐந்தாவது... அதே திமில், அதே இடம். சாதாரண வகை.

சுஜா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்று வருஷம் இல்லையா?

"நீ டைப் பண்ணுதியா, நான் பண்ணட்டா?" என்றாள்.

நானே தட்டினேன்: 'சார், முதல் படம் தப்பு. ஊசியை அழுத்திவிட்டேன்.' கூடவே புதுப் படங்கள்.

நீல டிக். ஐந்துக்கு இன்னும் ஏழு நிமிஷம். போன் அடித்தது. பேராசிரியர்தான்.

"மறுபடி தொடச் சொன்னது யாரு?"

"சுஜா, சார்."

"சாதாரண வகைன்னே அனுப்பறேன். அவகிட்ட போனைக் கொடு."

"சரி சார்... சரி சார்" என்று பேசி வைத்தவள், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அபூர்வமா இருந்திருக்கலாம், இல்லியாட்டி?"

இருந்திருக்கலாம்தான்... நம் ஆசையைக் கேட்டுக்கொண்டா அது மின்சாரத்தைக் கடத்துகிறது?