கூடம் முழுக்கக் கேட்கும்படி

"லூயிஸ் ஹோர்வத், ஓக் தெரு நானூற்றுப் பன்னிரண்டு, டெமாக்ரட்!" பெர்னிஸ் மார்ஷாலெக் கூவினால் தேவாலயக் கூடத்தின் கடைசி ஜன்னல்வரை அதிரும். கூவிவிட்டு வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரில் ஒரு மிடறு குடிப்பாள். "காபி தொண்டையைக் காயவைக்கும். இது எண்ணெ தேச்சு வுட்ட மாதிரி வழுக்கும்" என்பாள்.

இல்லினாய்ஸில் கட்சிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், எந்தக் கட்சியின் வாக்குத்தாள் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பெயர், விலாசம், கட்சி மூன்றையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல ஓர் ஆள் உண்டு. யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சி என்பது ஊர்ச் செய்தி. இருபத்திரண்டு வருடமாக அந்தச் செய்தியை வாசிப்பவள் பெர்னிஸ்.

பக்கத்து நாற்காலியில் எஸ்தர் பெய்ன். ரிபப்ளிகன் தாள்கள் அவள் பொறுப்பு. தொழிற்சங்கமும் டெமாக்ரட் கட்சியும் ஒன்றேயான உருக்காலை ஊரில் அந்தத் தாள்கட்டை யார் சீந்தினார்கள்? பொழுது சாய்வதற்குள் பாதி ஸ்வெட்டர் பின்னிவிடுவாள் பாவம். இந்த வருடம், 1980 மார்ச்சில், தாள் கொடுத்துக் கொடுத்தே ஸ்வெட்டரின் ஒரு கைகூட முடியவில்லை.

கறிக்கடை ஸ்டீவ் வந்து ஏதோ முனகினான். "வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு!" என்றாள் பெர்னிஸ். சொன்னான். ரிபப்ளிகன்.

அவளுக்குக் கோபமில்லை. ஏன் என்று தெரியாவிட்டால்தான் மண்டை வெடித்துவிடும். கட்சி என்பது ஞானஸ்நானம் மாதிரி, ஒரு தடவைதான் என்று நம்புகிறவள் அவள். இடைவேளை கிடைத்தபோதெல்லாம் கட்சி மாறிய ஒவ்வொருவரையும் காபிப் பானையருகே மடக்கினாள்.

"வீட்டு வரி கழுத்த நெரிக்குது, பெர்னிஸ்."

"கறுப்பு வெள்ளைப் பிள்ளைங்களக் கலக்கணும்னு எம் பொண்ண பஸ்ஸுல ஏத்தி ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்களே!"

"கருவக் கலைக்கறதுக்குத் தலையாட்டற கட்சி எனக்கு எதுக்குடி?"

வழி வேறு வேறாக இருக்க, எல்லாரும் எப்படி ஒரே தாளுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பகல் ஷிப்ட் விட்டது. ஆலை ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் அவள் கணவன் வால்டர், தொழிற்சங்கத்தின் துணைத்தலைவன். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். கட்சி மாறியவனுக்கு அங்கே ஓர் ஓட்டுகூட விழாது.

"வால்டர் மார்ஷாலெக்" என்றான், முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் யாரோ மாதிரி. விலாசம் சொன்னான். மூன்றாவதை உதட்டுக்குள் சொன்னான்.

"என்னது?"

"கேட்டுச்சுல்ல, பெர்ன்."

"காலையில முட்டை தின்னும்போது சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன்னு கேட்டு உயிரெடுப்ப. எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

வரிசையில் பின்னால் நின்ற ஆலைக்காரன் ரூடி சிரித்தான். "என்ன தலைவரே, குடும்பச் சண்டையா? நாங்க வேணா வெளிய நிக்கட்டுமா?"

வால்டர் சொன்ன கட்சி ரூடியின் காதில் விழவில்லை. அவளும் மெதுவாகச் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தொண்டை கட்டிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் தன் வீட்டு மனிதனை ஒளித்துவைத்துக் காப்பாற்றுவது அவன் கட்சி மாறியதைவிடக் கேவலமாகப் பெர்னிஸுக்குப் பட்டது.

"வால்டர் மார்ஷாலெக், பர்ச் தெரு எழுபத்தெட்டு, ரிபப்ளிகன்!"

அன்று முழுவதும் அவ்வளவு சத்தமாக அவள் யாருக்கும் கூவவில்லை. ரூடியின் சிரிப்பு பாதியில் நின்றது.

எஸ்தர் நீட்டிய தாளைத் தானே வாங்கி, கணவனிடம் கொடுத்தாள். அவன் இழுத்தான். தாள் வரவில்லை. அவள் கட்டைவிரல் இன்னும் அதை அழுத்திக்கொண்டிருந்தது.